நான்காவது சக்கரம்

மய்யித்தைக் குளிப்பாட்டப் பலகை போட வேண்டும், அந்த வண்டியை நகர்த்து என்று யாரோ சொன்னார்கள். நிசார் அகமது கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். மூன்று சக்கரங்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. நான்காவது கால் சிமெண்டுத் தரையில் கரகரவென்று கோடு போட்டது. அந்தக் காலுக்குச் சக்கரம் வைக்கத்தான் அவனைப் பெற்ற அத்தா அன்வர் பாஷா காலையில் பின்கட்டுக்கு வந்தார். வெல்டிங் மிஷினுக்கு ஒயரை மாட்டியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே மூச்சு நின்றது.

"பெரியவன் எங்க வர்றானாம்?" என்றார் குளிப்பாட்ட வந்தவர்.

"கிருஷ்ணகிரி தாண்டிட்டாருங்க."

செத்த வீட்டிலும் முதல் கேள்வி அண்ணன் இத்ரீஸைப் பற்றித்தான். நிசார் வண்டியை ஒரே இழுப்பில் சுவரோரம் இழுத்துவிட்டான்.

இத்ரீஸ் பெங்களூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். இறைச்சியைப் புகையிலேயே அரை நாள் வேகவைக்கும் இரும்புப் பீப்பாய் ஒன்றை வாங்கி வீட்டுக்குப் பின்னால் வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு. மழை வந்தால் நகர்த்த முடியவில்லை என்று போனில் ஒரு வார்த்தை சொன்னான், அவ்வளவுதான். கை வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு அத்தா அதற்கு வண்டி செய்ய உட்கார்ந்தார். கீழே விறகு அடுக்கத் தட்டு, பக்கத்தில் கறி நறுக்கப் பலகை, இடுக்கி மாட்டக் கொக்கி. பேரப்பிள்ளைகளின் கையைக் கிழித்துவிடுமாம், மூலைகளை எல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து அரம் போட்டு மழுக்கினார். பிரேக் வைத்த சக்கரங்களை சேலத்துக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தார்.

நிசார் பிழைப்பதே தள்ளுவண்டியில்தான். அரூர் பஸ் ஸ்டாண்டில் கபாப் போடுகிறான். வண்டி வாடகைக்கு எடுத்தது, தள்ளினால் சாக்கடைப் பக்கமே போகும். எனக்கும் ஒன்று அடித்துக் கொடுங்கள் என்று போன வருஷம் கேட்டான். "ஒனக்கென்னடா, ஒனக்கே வெல்டிங் தெரியுமே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் அத்தா. தொழில் கற்றுக்கொண்ட பாவத்துக்கு இவனுக்கு ஒன்றுமில்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவனுக்கு ராஜ மரியாதை.

இத்ரீஸ் வந்தான். மூத்த பிள்ளை வந்துவிட்டது என்று சனம் விலகி வழிவிட்டது. அவன் அழுதபோது நாலு பேர் தாங்கிக்கொண்டார்கள். காலையிலிருந்து தண்ணீரும் பந்தலுமாக அலைந்த நிசாரை யாரும் தாங்கவில்லை.

பள்ளிவாசலில் ஜனாஸா தொழுகைக்கு வரிசை நின்றது. மய்யித்து யாருக்காவது கடன் பாக்கி வைத்திருந்தால் பொறுப்பேற்க வாரிசு முன்னால் வரட்டும் என்றார் தொழவைக்க வந்த ஹஜ்ரத். இந்த ஒன்றையாவது தான் சொல்ல வேண்டும் என்று நிசார் காலையிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தான். எல்லோரும் இத்ரீஸைப் பார்த்தார்கள்.

"தம்பியே சொல்லட்டுங்க ஹஜ்ரத். கூட இருந்தவன் அவன்தான்."

அதையும் அண்ணன் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. நிசார் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் போனான்.

"அத்தா ஒத்துக்கிட்ட வேல யாருக்காச்சும் பாக்கி இருந்தா எங்கிட்ட சொல்லுங்க. நான் முடிச்சுக் குடுக்கறேன்."

வரிசைக்குத் திரும்பியதும் இத்ரீஸ் காதோரம் சொன்னான்.

"எனக்கு ஒரு சக்கரம் பாக்கி இருக்குதுடா. நான் விட்டுக் குடுத்துட்டேன். அத்தாவுக்கு அந்தப் பாரம் வேணாம்."

"நீ யாரு விட்டுக் குடுக்க? இன்னிக்கே வெச்சுத் தர்றேன்."

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நிசார் நேராகப் பின்கட்டுக்குப் போனான். கையில் கபரஸ்தான் மண் அப்படியே இருந்தது. வண்டியைக் கவிழ்த்துப் போட்டு நான்காவது சக்கரத்தைக் காலில் பொருத்தினான்.

"மய்யித்து வூட்டுல இன்னிக்கே இது வேணுமாங்க?" என்றாள் அவன் மனைவி தஸ்லீம்.

"வேணும்."

முகமூடியைக் கவிழ்த்தான். பொறி பறந்தது. முற்றத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மற்ற மூன்று கால்களிலும் அத்தாவின் வெல்டிங் ஒரே சீராக இருந்தது. அதைவிட நன்றாக வைக்க வேண்டும் என்ற வெறி இவனுக்கு. கோணலாகத்தான் வந்தது. தட்டி எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தான். இத்ரீஸ் வந்து வண்டி ஆடாமல் பிடித்துக்கொண்டான். போ என்று வாய்வரை வந்தது, நிசார் முகமூடியை மறுபடியும் கவிழ்த்தான்.

சமையலறைக் கதவு திறந்தது. துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று பக்கத்து வீட்டிலிருந்துதான் அன்று சாப்பாடு வருவதாக இருந்தது. ஆனால் அம்மா வஹிதாவின் கை ஒரு டீ கிளாஸை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வெல்டிங் சத்தம் கேட்டால் அத்தாவுக்கு டீ போட்டுக் கொடுத்துத்தான் அம்மாவுக்குப் பழக்கம்.

"அம்மா," என்றான் இத்ரீஸ், கை நீட்டாமல்.

அந்தக் கை அப்படியே நின்றது. நிசார் முகமூடியைக் கழற்றிவிட்டு எழுந்து போய் வாங்கிக்கொண்டான். ஒரு வாய் குடித்தான். சர்க்கரை போடவே இல்லை, அத்தாவுக்குப் போடுகிற டீ. அங்கேயே நின்று, அடிவரைக்கும் குடித்தான்.