ஏழு நாள் காலித் தொட்டி

செங்கல்வராயன் வாயிலிருந்து "காலி" என்று ஒரு சொல் வந்தால் போதும், ஒரு குதிரை பந்தயத்துக்குத் தயார் என்று அர்த்தம். மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்காதீர்கள். ஓடிக் களைத்த பந்தயக் குதிரைகளைச் சென்னையிலிருந்து ஓய்வுக்கு அனுப்பும் பண்ணை ஒன்று அணுபுரம் தாண்டி இருக்கிறது. அங்கே குதிரைகளைப் பார்த்துக்கொள்வது அவனும் அவன் மனைவி சரோஜாவும். குதிரைகளைப் பழக்கும் ஏசுபாதம் தினமும் காலை ஆறு மணிக்குச் சென்னையிலிருந்து போன் செய்வார். கேட்பது ஒரே கேள்விதான். ராத்திரி வைத்த தீவனத் தொட்டியில் மிச்சம் இருக்கிறதா?

களைப்புத் தீராத குதிரை ஒழுங்காகத் தின்னாது. மூக்கால் கிளறும், பாதி தின்னும், மீதியை விட்டுவிடும். தொடர்ந்து ஏழு நாள் தொட்டியைத் துடைத்து வைத்தால் குதிரை தேறிவிட்டது என்பது ஏசுபாதத்தின் கணக்கு. ரத்தப் பரிசோதனை, அது, இது என்று ஆயிரம் வந்தாலும் "செங்கலு சொன்னா சரி" என்பார். இருபத்திரண்டு வருடமாக அந்தச் சொல் ஒருமுறையும் பொய்த்ததில்லை. அந்தப் பெருமை அவனுக்கு இருந்தது. இருக்காதா பின்னே? "தொட்டி பொய் சொல்லாது" என்று டீக்கடையில்கூடச் சொல்லுவான்.

மார்கழியில் செவலை வந்தது. ஐந்து வயதுப் பெண் குதிரை. பந்தயப் புத்தகத்தில் அதற்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர், பண்ணையில் வெறும் செவலை. பெரிய பந்தயம் ஒன்றை ஜெயித்த கையோடு வந்திருந்தது. ஜெயித்ததன் வலி விலாவில் தெரிந்தது, ஒவ்வொரு எலும்பாக எண்ணலாம்.

"ஆறு வாரம் ஓய்வுல உடணும் சார்" என்றான் போனில்.

"முதலாளி மூணு வாரத்துல இன்னொரு கப்புல ஓட்டியே ஆவணும்னு நிக்கறாரு" என்றார் ஏசுபாதம். "நீயும் நானும் சண்ட போட வாணாம். தொட்டி சொல்லட்டும்."

சரி என்றான். தொட்டியை வைத்துப் பேர் வாங்கியவன் வேறென்ன சொல்வான்?

செவலைக்குத் தனிமை ஆகாது. ராத்திரியெல்லாம் லாயக் கதவை உதைத்தது. இப்படிப்பட்ட குதிரைக்குத் துணையாக ஆட்டைக் கட்டுவது இந்தத் தொழிலில் வழக்கம்தான். நாலாம் நாள் சரோஜா தன் வெள்ளாடு கருப்பியை லாயத்துக்குள் விட்டாள். உதை நின்றது. ஆடு வாய் வைக்கக் கூடாதே என்று செங்கல்வராயன் தொட்டியை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி மாட்டினான். அதுவரை தினமும் பாதித் தொட்டி மிஞ்சிக்கொண்டிருந்தது. கருப்பி வந்த பிறகு கால் தொட்டி மிஞ்சியது, பிறகு ஒரு கைப்பிடி, பிறகு ஒன்றுமே இல்லை. துணை கிடைத்ததும் பசி வந்துவிட்டது என்று அவன் மனசார நம்பினான்.

"கருப்பி சினையா கீதுன்னு நெனைக்கறேன்யா" என்றாள் சரோஜா. "வயிறு இன்னாமா பெருத்துகினு வருது பாரு."

"நல்லதுதான" என்றான்.

வாரத்தில் மூன்று நாள் செவலையை மினி லாரியில் ஏற்றி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக் கரைக்குக் கொண்டுபோவான். உப்புத் தண்ணீரில் நின்றால் கால் வீக்கம் வடியும். போன வருடம் ஓய்வுக்கு வந்தபோது இதே செவலை அவனைக் கயிறோடு அலைக்குள் இழுத்துப்போய் முக்கி எடுத்திருக்கிறது. இந்த முறை முழங்காலளவு தண்ணீரில் நின்றது. நின்றது நின்றதுதான்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த தேசப்பன் இதைப் பார்த்தான். "இன்னா அண்ணாத்த, போன வாட்டி உன்ன இஸ்துகினு போச்சு. இப்ப நட்டு வச்ச கம்பம் மாரி நிக்குது?"

"குளுருதுப்பா அதுக்கு."

"இன்னா குளுரு? தண்ணி வெதுவெதுன்னு கீது."

செங்கல்வராயன் செவலையைக் கரைக்குத் திருப்பினான். அவனுக்கும் மனசுக்குள் ஏதோ உறுத்தத்தான் செய்தது. ஆனால் தொட்டி காலியாக இருக்கிறதே, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஏழாவது நாள் காலை போன் வந்தபோது "காலி சார்" என்றான். மறுநாளே குதிரை லாரி வந்துவிட்டது. பலகையில் ஏறச் செவலை தயங்கியது. அவன்தான் கழுத்தைத் தட்டிக்கொடுத்து ஏற்றினான்.

அன்று சாயங்காலம் கைப் பழக்கத்தில் வெறும் லாயத்துத் தொட்டியிலும் தீவனத்தைக் கொட்டிவிட்டான். கொட்டிய பிறகுதான் நினைவு வந்தது. வயசாகுதுடா உனக்கு என்று தனக்குள் சிரித்துக்கொண்டு, காலையில் அள்ளிக்கொள்ளலாம் என்று போய்விட்டான்.

விடியற்காலையில் வந்து பார்த்தால் தொட்டி காலி. குதிரையே இல்லாத லாயத்தில், துடைத்து வைத்த மாதிரி காலி. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் நாலு காலையும் ஒடுக்கி ஏறி நின்றுகொண்டு, கருப்பி உதட்டை நக்கியது.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பார்க்க வந்த சரோஜாவும் ஆட்டைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள்.

"போன் போட்டுச் சொல்லுயா. பந்தயம் நாளைக்கித்தான."

"இன்னான்னு சொல்லச் சொல்ற? ஆடு துன்னத குதிரை துன்னுச்சுன்னு எண்ணிகினு இருந்தேன்னா? இருவத்திரண்டு வருசத்துப் பேரு சரோஜா."

"அது வாயில்லா ஜீவன்யா."

ஆறு மணிக்குப் போன் அடித்தது. பண்ணையில் இருந்த மற்ற மூன்று குதிரைகளைப் பற்றி ஏசுபாதம் கேட்டார். காலி, பாதி, காலி என்று சொன்னான். வேறென்ன என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சார்" என்றான். யானைக்கும் அடி சறுக்கும், அதில் பாவமில்லை. சறுக்கியதை மறைத்தான் பாருங்கள், அதுதான் பாவம். ஒரு நாள் முழுசாகக் கையில் இருந்தது.

பந்தயத்தைச் செல்போனில் பார்த்தான். பாதி தூரம் வரை செவலை முன்னால்தான் போனது. அதன் பிறகு மற்ற குதிரைகள் ஒவ்வொன்றாக அதைத் தாண்டின. கடைசியாக வந்து கோட்டைக் கடந்ததும் முன்னங்கால் மடங்கி அப்படியே விழுந்தது. ஆட்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். அதற்கு மேல் தெரியவில்லை. எலும்பு உடையவில்லை, களைப்புதான் என்று ராத்திரி சேதி வரும்வரை அவன் சோற்றில் கை வைக்கவில்லை. சரோஜா தட்டை மூடி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். திட்டியிருந்தாலாவது தேவலை என்று இருந்தது அவனுக்கு.

தை பிறந்ததும் செவலை மறுபடி வந்தது. இந்த முறை கருப்பி லாயத்துக்கு வெளியே, செவலை பார்க்கும்படி, தொட்டிக்கு எட்டாதபடி கட்டப்பட்டது. அவன் லாய வாசலிலேயே பாய் போட்டுப் படுத்தான். தினமும் உள்ளதை உள்ளபடி சொன்னான். பாதி சார். பாதி சார். கால் சார். மூன்றாவது வாரம் காலியாகத் தொடங்கியது. அவன் கண்ணெதிரில், செவலையின் வாயாலேயே, ஏழு நாள் தொடர்ந்து காலி.

"அப்ப தேறிட்டுது" என்றார் ஏசுபாதம். குரலில் நிம்மதி. "பத்து நாள்ல ஒரு பந்தயம் கீது. நாளைக்கி லாரி வரும்."

அன்றும் கடலுக்குக் கொண்டுபோனான். செவலை முழங்காலளவு தண்ணீரில் நின்றது. அலை வந்து அடித்தது, அது நகரவில்லை. வயிறு நிறைந்துவிட்டது, உள்ளே இன்னும் நிறையவில்லை என்று செங்கல்வராயனுக்குத் தெரிந்துபோயிற்று. கரையிலேயே நின்று போன் போட்டான்.

"சார், லாரி அனுப்பாதீங்க. கடல்ல எறங்க மாட்டேங்குது."

"கடல்லயா பந்தயம் ஓட்டறோம்? ஏழு நாளு காலின்னு நீ சொன்னத முதலாளிகிட்ட சொல்லிட்டேன். தொட்டி பொய் சொல்லாதுன்னு நீதான சொல்லுவ?"

செங்கல்வராயன் கயிற்றைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டான்.

"சொல்லும் சார். போன வாட்டி சொல்லிச்சு. ஆடு துன்னத நா குதிரை துன்னுச்சுன்னு சொல்லிட்டேன். லாரி போன மறுநாளே தெரிஞ்சுபோச்சு. பந்தயத்துக்கு ஒரு நாள் இருந்துது. உங்ககிட்ட சொல்லல."

போனைக் காதிலிருந்து எடுத்தான். லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தான். அறுந்திருக்கவில்லை.

"வுழும்னு தெரியுமா?"

"வுழும்னு தெரியாது சார். தேறலன்னு தெரியும்."

"எத்தினி வாரம் வோணும்?" குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"ஆறு. முழுசா உடுங்க."

போன் அணைந்தது. மறுநாள் லாரி வரத்தான் செய்தது. மற்ற மூன்று குதிரைகளையும் வேறு பண்ணைக்கு ஏற்றிக்கொண்டு போனது. "செவலைய மட்டும் இப்ப எடுக்க வாணாம்னாரு" என்றான் டிரைவர். அதற்கடுத்த நாள் ஆறு மணிக்குப் போன் அடிக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த நாளும் அடிக்கவில்லை. ஆறு மணி ஆனால் செங்கல்வராயன் மட்டும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

ஆறாவது வாரம் முடியப்போகும் ஒரு காலை. கரையில் கால் வைத்ததும் செவலை காதை முன்னால் நீட்டியது. என்ன என்று யோசிப்பதற்குள் கயிறு விறைத்தது. அலைக்குள் அவனை இழுத்தது பாருங்கள், குப்புற விழுந்து, உப்புத் தண்ணீரைக் குடித்து, எழுந்தால் செவலை நெஞ்சளவு ஆழத்தில் தலையை உதறிக்கொண்டு நிற்கிறது. அவன் அழுதான். முகமெல்லாம் தண்ணீர், யாருக்குத் தெரியப்போகிறது?

"இன்னா அண்ணாத்த, முக்கிட்டுதா?" என்று சிரித்தபடி தேசப்பன் கை கொடுத்துத் தூக்கினான். பையில் இருந்த போன் நனைந்து செத்திருந்தது. தேசப்பனின் போனை வாங்கி, மனப்பாடமாக இருந்த நம்பரை அழுத்தினான். தெரியாத நம்பர் என்பதால் ஏசுபாதம் எடுத்தார்.

"நாந்தான் சார், செங்கல்வராயன். செவலை கடல்ல எறங்கிடுச்சு."

"தொட்டி?" என்றார், பழக்கத்தில்.

"பாக்கல சார்."

"நாளைக்கி லாரியோட நானே வரேன். என் கண்ணால பாத்துக்கறேன்."

இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒருமுறைகூட நேரில் வந்து பார்த்ததில்லை. வர வேண்டிய தேவை இருந்ததில்லை.

"வாங்க சார்" என்றான் செங்கல்வராயன்.