வெளியே பூட்டிய வீடு

சாவி திரும்பவில்லை. நல்லையா அதைத் தலைகீழாகச் செருகியிருந்தார். பின்னால், பர்மாவில் அவர் குடியிருந்த போட்டாதாங் தெருவே திரண்டு நின்றது. அவர் பேசிய எந்த மேடைக்கும் அவ்வளவு பேர் சேர்ந்ததில்லை.

"இங்க குடுங்கண்ணே," என்று இராமையா சாவியை வாங்கினான். அன்று சாயங்காலக் கூட்டத்தில் அவருக்கு மாலை போட்டவன் அவன்தான்.

பூட்டு லேசுப்பட்ட பூட்டு இல்லை. ஏதோ கோட்டைக்கென்று செய்து, கோட்டை சிறிதாகிவிட்டதால் இவர் தலையில் கட்டியது போலிருக்கும். ஊர் கெட்டுக் கிடக்கிறது என்று கல்யாணமான புதிதில் வாங்கியது. அவர் வெளியே போனால் அம்சவேணி பூட்டுக்கு உள்ளே. காய்ச்சலில் கிடந்த பெண்சாதிக்குக் கஞ்சியை மூடி வைத்துவிட்டு, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் லத்தா பேட்டைக் கூட்டத்தில் பேசப் போயிருந்தார்.

பேச்சென்றால் பேச்சு. மனிதன் தன் சந்தோஷத்தைத் தேடிப் போக எவனிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை என்று அவர் மேசையில் குத்திய குத்தில், ஆற்றுக்கு அக்கரையில் சிரியம் ஊரின் நாய்களெல்லாம் எழுந்து குரைத்திருக்கும். வீட்டில் அம்சவேணிக்கு மோசம் என்று ஆள் வந்து காதில் சொன்னபோது அவர் வெள்ளைக்காரனைப் பாதிதான் கப்பலேற்றியிருந்தார்.

கதவு திறந்தது. அம்சவேணி ஜன்னலடியில் கிடந்தாள். மூச்சு இல்லை. ஒரு கை கம்பியை நோக்கி நீண்டிருந்தது.

கம்பிக்கு அந்தப் பக்கம் மா நுவே தண்ணீர்க் குவளையோடு நின்றாள். எதிர்வீட்டில் பலகாரம் விற்கும் பர்மாக்காரி. அம்சவேணியோடு ஜன்னல் வழியாகப் பேசியே தமிழ் படித்தவள். அண்ணன் என்பதற்கு மட்டும் பர்மா வழக்கப்படி 'கோ' என்றே சொல்லுவாள்.

"பூட்டு உடைக்கிறேன் சொன்னேன், கோ நல்லையா. வேணாம் சொல்லிட்டா. 'நாலு பேரு சிரிப்பாங்க, அவரு தலை குனிஞ்சுடும்' சொன்னா."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

காலையில் பாடை கட்டினார்கள். பூப் போட வந்த பெண்களில் பாதிப்பேர் அம்சவேணியை முழுசாகப் பார்த்தது அப்போதுதான். அதுவரை கம்பிக்கு நடுவே துண்டு துண்டாகப் பார்த்ததுதான்.

மா நுவே பூவை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "கப்பல் ஊதும். எந்தக் கப்பல், பெரிசா, சின்னதா கேப்பா. நான் போய்ப் பாத்து வந்து சொல்லுவேன். ஆறு இங்கதான். ஒரு வெத்தலை மெல்லுற தூரம்."

நல்லையா பாடையின் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குறுக்குத் தெருவுல போயிடலாமாண்ணே? வெயிலுக்கு முன்னால சுடுகாடு சேந்துடலாம்," என்றான் இராமையா.

"ஆத்தோரமா போங்கப்பா."

"அது சுத்தாச்சே."

"சுத்தியே போங்க." ஊரைக் கிடுகிடுக்க வைத்த தொண்டை அது, சொன்னது பக்கத்திலிருந்தவனுக்கே பாதிதான் கேட்டது.

படகுத்துறைக்கு எதிரே தோள் மாற்றப் பாடையை இறக்கினார்கள். சிரியத்துக்குப் போகும் படகு புகையைக் கக்கிக்கொண்டு கரையை விட்டு விலகியது. தூக்கி வந்தவர்கள் ஆளுக்கொரு சுருட்டைப் பற்றவைத்தார்கள்; அதுவும் தீர்ந்தது.

"போலாமாண்ணே?"

நல்லையா திரும்பிப் பாடையைப் பார்த்தார். தான் நிற்பது அவளுக்கும் ஆற்றுக்கும் நடுவில் என்று அப்போதுதான் கண்டார். தோள் துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு, மெல்ல ஓரமாக நகர்ந்து நின்றார்.