நிற்கும் கால்

ராவ்னே பள்ளத்தாக்கில் யாருக்காவது கால் கோணலாக அமைந்துவிட்டால், எங்கெங்கோ சுற்றி அலுத்துக் கடைசியில் வந்து விழும் இடம் ஸ்தானேயின் கடைதான். பனிச்சறுக்கு பூட்ஸ் என்பது செருப்பு மாதிரி இல்லை. கெட்டியான பிளாஸ்டிக் ஓடு. கால்தான் அதற்கு அடங்கிப் போக வேண்டும். ஸ்தானே அந்த ஓட்டையே அடக்கிவிடுவார். சூடுகாட்டி, கிடுக்கியில் வைத்து முறுக்கி, எலும்பு துருத்துகிற இடத்தில் குழி விட்டு, குதிகால் ஆடுகிற இடத்தில் மெத்தை வைத்து, அழுதுகொண்டே வந்தவர்களைச் சிரிக்க வைத்து அனுப்புவார்.

ஆனால் வந்தவரிடம் வணக்கம்கூடச் சொல்ல மாட்டார். "சாக்ஸைக் கழட்டு. பலகை மேல ஏறி நில்லு." பாதிரியார் வந்தாலும் அதேதான். ஒருமுறை பக்கத்து ஊர்ப் போலீஸ்காரர் நாற்காலியில் சாய்ந்தபடி காலை நீட்டிவிட்டார்.

"உக்காந்துக்கிட்டா பனியில இறங்கப் போற? உக்காந்திருக்கிற கால் வேற, நிக்கிற கால் வேற. எழுந்து நில்லுய்யா!"

போலீஸ்காரர் எழுந்து நின்றார். உடம்பின் பாரம் இறங்கியதும் கால் நீளும், அகலும், சிலருக்கு அப்பளம் மாதிரி பரந்துவிடும். அதைப் பார்க்காமல் ஸ்தானே ஓட்டைத் தொட்டதே இல்லை. பூட்ஸை மாட்டிக்கொண்டு 'நல்லா இருக்கு' என்று சொல்பவர்களையும் அவர் நம்புவதில்லை. "வாய் என்ன வேணா சொல்லும். மூஞ்சியைக் காட்டு" என்பார்.

இப்படி ஊர்க் காலையெல்லாம் ஏற்றி நிறுத்திய பலகையில் அவர் மனைவி யெல்காவின் கால் மட்டும் ஏறவே இல்லை.

யெல்காவின் கால் தனி ரகம். விரல் பக்கம் விசிறியாக விரிந்திருக்கும். குதிகால் சின்னப் பெண்ணுக்கு இருப்பது போல ஒடுங்கியிருக்கும். கணுக்காலுக்குக் கீழே உட்பக்கமாக ஓர் எலும்பு கொட்டைப்பாக்கு அளவுக்கு எட்டிப் பார்க்கும். சிறுமியாக இருந்தபோது தோல் பூட்ஸ் போட்டுக்கொண்டு அந்த மலையையே கலக்கியவள் அவள். தோல் காலோடு இணங்கிப் போனது. பிளாஸ்டிக் வந்ததும் எல்லாம் போயிற்று. விரலுக்குச் சரியாக இருந்தால் குதிகால் தூக்கியது. குதிகாலைப் பிடித்தால் விரல் நசுங்கியது. கல்யாணமான புதிதில் இரவல் பூட்ஸோடு மேலே போனவள், பாதி மலையில் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறும் சாக்ஸோடு நடந்து இறங்கினாள்.

"உனக்கு நான் செஞ்சு தரேன். அடுத்த குளிர்காலம்" என்றார் ஸ்தானே.

அவளும் நம்பினாள். அதுவரை சும்மா இருப்பானேன் என்று, சறுக்க வருகிறவர்களை மலை உச்சிக்கு இழுத்துப் போகும் லிஃப்டின் அடியில் இருந்த கேன்டீனை எடுத்து நடத்த ஆரம்பித்தாள். அடுத்த குளிர்காலம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. ஒவ்வொரு முறையும் யாராவது முந்திக்கொண்டார்கள். பந்தயத்துக்குப் போகிறவர்கள், வெளியூர்க்காரர்கள், அந்தப் பாதிரியார். வீட்டுக் கால் எங்கே ஓடிவிடப் போகிறது, அது பக்கத்துக் கேன்டீனில்தானே நிற்கிறது என்று விட்டுவிட்டார் மனிதர். வேலை தெரிந்தவன் வீட்டில் நடக்கிற வழக்கமான அநியாயம் இது. அவளும் ஒருநாள்கூட வாய்விட்டுக் கேட்கவில்லை.

ராவ்னே மலை தாழ்வானது. சில வருடங்களாகப் பனி ஏமாற்றிக்கொண்டே வந்தது. இந்த சீசனோடு லிஃப்டைக் கழற்றி விற்றுவிடுவது என்று ஊர்ச்சபை முடிவு செய்தது. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு ஊரே மேலே போய் ஒருமுறை இறங்கும், அத்தோடு சரி. செய்தி வந்த அன்று யெல்கா பீன்ஸும் புளித்த முட்டைக்கோஸும் போட்ட சூப்பைக் கிளறிக்கொண்டே, யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்:

"ஜன்னல் வழியாப் பாத்துப் பாத்தே காலம் போயிடுச்சு. ஒரே ஒரு தடவை அந்த உச்சியிலேர்ந்து உன்கூடச் சேர்ந்து இறங்கியிருக்கலாம்."

ஸ்தானே ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். செய்து தருகிறேன் என்று இன்னொரு முறை சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் சொல்லாமல் செய்துவிடுவது என்று முடிவு கட்டினார். சொல்லாமல் செய்வதென்றால் அவளைப் பலகையில் ஏற்றி நிறுத்த முடியாதே! அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு டிவியை ஓடவிட்டு அவள் சோபாவில் தூங்கிப்போவாள். அப்போது பூனை மாதிரி வந்து உட்கார்ந்து, அந்தக் காலை மடியில் எடுத்து வைத்து, நாடாவால் அளந்தார்.

"என்ன பண்ற அங்க?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"கால் ஐஸ் மாதிரி இருக்கு. போர்த்தி விடறேன், தூங்கு."

படுத்திருக்கிற கால் பொய்க் கணக்குத்தான் காட்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். எழுந்து நின்றால் எவ்வளவு கூடும் என்று ஒரு குத்துமதிப்பாகப் போட்டுக்கொண்டார். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் கடையை விட்டே துரத்தியிருப்பார்.

விடியற்காலைகளில் வேலை நடந்தது. இருப்பதிலேயே அகலமான ஒரு ஜோடியை எடுத்து, உட்புற எலும்புக்குக் குழி விட்டு, குதிகாலை இறுக்கிக் கட்டினார். லிஃப்டை ஓட்டுகிற சீரில், சிறுவயது முதல் அவருக்குத் தோழன். ஒருநாள் காபிக்கு வந்தவன் அதைப் பார்த்துவிட்டான்.

"யாருக்குடா இது? முன்னாடி வாத்து, பின்னாடி கொக்கு!"

"யெல்காவுக்கு. வாயைத் திறந்தே, லிஃப்ட் கம்பியிலயே உன்னைக் கட்டி விட்டுருவேன்."

சீரில் சிரிப்பை நிறுத்திவிட்டு அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நிக்க வச்சுப் பாத்தியா அவளை?"

"எனக்கே பாடமா? அந்தக் காலோடதான்டா இத்தனை வருஷமாக் குடும்பம் நடத்துறேன்."

சீரில் காபியைக் குடித்துவிட்டுப் போனான்.

கடைசி ஞாயிறு வெயில் பளிச்சென்று அடித்தது. பனி காலையிலேயே வியர்க்க ஆரம்பித்துவிட்டது. கேன்டீனில் கூட்டம். ஸ்தானே பெட்டியோடு உள்ளே போய்க் கவுன்ட்டர் மேல் வைத்தார். மூடியைத் திறந்த யெல்கா உள்ளே பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், கரண்டியைப் போட்டுவிட்டு ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அட, அழாம போட்டுப் பாரு" என்றார் ஸ்தானே.

பெஞ்சில் உட்கார்ந்து காலை விட்டாள். வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. எலும்பு அதன் குழியில் போய் அமர்ந்தது. "ஐயோ, எங்கயும் இடிக்கலையே!" என்று கத்திவிட்டாள். கூட்டம் கைதட்டியது. யாரோ அக்கார்டியன் வாசிக்கத் தொடங்கினார்கள். பிறகு அவள் எழுந்து நின்றாள்.

ஒரு கணம் அவள் உதடு இறுகியது. அந்த இறுக்கத்தை ஸ்தானே தன் கடையில் எத்தனையோ முகங்களில் பார்த்திருக்கிறார். பார்த்த உடனே பூட்ஸின் பக்கிளைத் திறந்துவிடுவார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

அன்றைக்கு மட்டும் அவர் வாயை நம்பினார். நம்ப வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசை.

இருவரும் சறுக்குக் கட்டைகளைப் பூட்டி, கயிற்றில் தொங்கும் ஒரே கம்பியில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு லிஃப்டில் மேலே இழுபட்டார்கள். பாதி வழியில் அவள் அவர் கையைப் பிடித்தாள். சந்தோஷத்தில் பிடிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். பிடி இறுகிக்கொண்டே போயிற்று. உச்சியில் இறங்கி நான்கு அடி வைத்ததும், "கொஞ்சம் உக்காரணும், ஸ்தானே" என்றாள். முகம் வெளுத்திருந்தது.

சீரிலின் ஆட்கள் தங்குகிற குடிசை அங்கே இருந்தது. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆள் யாரும் இல்லை. அவர் மண்டியிட்டு பூட்ஸைக் கழற்றினார். விரல்கள் ரத்தமில்லாமல் வெள்ளையாகக் கிடந்தன. ஓரங்களில் சிவப்புக் கோடு பதிந்திருந்தது.

"ஏன்டீ சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீ அவ்வளவு ஆசையாக் கொண்டு வந்தே. ஊரே கைதட்டுது. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு தடவை இறங்கிடலாம்னு பாத்தேன்."

"நில்லு" என்றார் ஸ்தானே.

அடுப்பங்கரையில் கிடந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தரையில் போட்டார். அவள் வெறுங்காலோடு அதன் மேல் நின்றாள். ஸ்தானே அப்போதுதான் பார்த்தார். உள்ளங்காலின் வளைவு முழுவதும் சரிந்து தரையோடு தரையாகப் படிந்தது. கால் இரண்டு பக்கமும் வழிந்து, அவர் போட்ட கணக்கை எல்லாம் தாண்டிப் போயிற்று. கல்யாணமான புதிதில் அவர் பார்த்த கால் இதுவல்ல.

"இது எப்ப இப்படி ஆச்சு?"

யெல்கா ஜன்னல் வழியே கீழே கையைக் காட்டினாள். கேன்டீன் கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. "அங்க நின்னு நின்னு ஆச்சு. வேற எங்க ஆகும்? நீதான் தினமும் சூப் குடிக்க வருவியே, கவுன்ட்டருக்கு மேல மட்டும்தான் பாத்தே போலிருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அடுப்புக் கரித்துண்டு ஒன்றை எடுத்து அவள் காலைச் சுற்றிக் கோடு போட்டார்.

"இங்கயே இரு. அடுப்புப் பக்கம் காலை வச்சுக்கோ. நான் போய்ச் சரி பண்ணிக் கொண்டாறேன்."

"பனி தாங்குமா?"

"தாங்கும். தாங்கணும்."

அட்டையைச் சட்டைக்குள் செருகி, பூட்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, அந்த வயதில் இறங்கக் கூடாத வேகத்தில் இறங்கினார். கீழே லிஃப்டின் இழுபாதையில் சீரில் மண்வெட்டியால் பனியை வாரிப் போட்டுக்கொண்டிருந்தான். "சீக்கிரம் வாடா. மண்ணு தெரிய ஆரம்பிச்சிருச்சு. தெரிஞ்சா நிறுத்திடுவேன், ஆளுங்க விழுந்துருவாங்க" என்றான்.

கடையில் ஓட்டைச் சூடாக்கினார். கிடுக்கியில் மாட்டினார். அட்டையில் இருந்த கரிக்கோடு வரைக்கும் முறுக்கினார். இனி ஆற வேண்டும். ஆறும் முன்னால் எடுத்தால் பிளாஸ்டிக் பழையபடி சுருங்கி, மறுபடி அவள் விரலைக் கடிக்கும். ஜன்னலில் லிஃப்ட் கம்பிகள் ஒவ்வொன்றாக மேலே போவது தெரிந்தது. கை இரண்டு முறை கிடுக்கியின் திருகுக்குப் போனது. இரண்டு முறையும் பின்வாங்கிக்கொண்டார். இனியொரு முறை அவள் காலுக்குக் குத்துமதிப்பாக எதையும் செய்யக் கூடாது. நனைத்த துணியை ஓட்டின் மேல் போர்த்திவிட்டு, விசிறிக்கொண்டே நின்றார்.

ஓடு ஆறிக்கொண்டிருக்கும்போதே கம்பிகள் நின்றுவிட்டன. நடுவழியில் ஒன்று மட்டும் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அப்போதும் அவர் திருகைத் தொடவில்லை. நன்றாக ஆறட்டும் என்று இருந்தார். அவசரப்பட இனி என்ன இருக்கிறது?

பூட்ஸைத் தூக்கிக்கொண்டு அவர் கேன்டீனுக்குள் நுழைந்தபோது, யெல்கா அங்கேதான் இருந்தாள். சீரில் தன் பனி ஸ்கூட்டரில் அவளைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டி வந்திருந்தான்; கடைசித் திருப்பத்தில் அதுவும் சேற்றில் புதைந்து நின்றுவிட்டது, இனி அதிலும் மேலே போக முடியாது. இறங்கி வந்த கூட்டத்துக்குப் பசி. அவள் கம்பளிச் செருப்போடு கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மண்ணு வந்துருச்சுடா" என்றான் சீரில், தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கியபடி. "எவ்வளவோ பாத்தேன்."

"நடந்து ஏறுவோமா?" என்று ஸ்தானே யெல்காவிடம் கேட்டார்.

"வீங்கின காலோட, சேத்துலயா? போடா பைத்தியம்." சிரித்தாள். "சரி, கொடு, பாக்கலாம்."

அவர் கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு உள்பக்கம் போனார். தரைப்பலகையில் அவள் வழக்கமாக நிற்கும் இடம் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. அங்கே மண்டியிட்டு அவர் பூட்ஸை மாட்டிவிட்டார். இந்த முறை அவள் உட்காரவில்லை. நின்றபடியே காலை விட்டாள், பாரத்தை இறக்கினாள். ஸ்தானே அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"சரியா இருக்கு" என்றாள். முகமும் அதையே சொன்னது.

அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. "யெல்கா, அடுத்த குளிர்..." என்று ஆரம்பித்தவர், தன் வாயிலிருந்து வருவது என்ன என்று காதில் விழுந்ததும் நிறுத்திக்கொண்டார். அவள் கேட்காதது போல அடுத்த தட்டை எடுத்தாள்.

கூட்டம் பாடியது. வெளியே மலை கறுத்துக்கொண்டு வந்தது. அவள் பூட்ஸோடேயே அடுப்புக்கும் கவுன்ட்டருக்கும் தடால் தடால் என்று நடந்து பரிமாறினாள்.

"கழட்டிட்டுக் கொஞ்சம் உக்காரேன். நான் ஊத்துறேன்" என்றார் ஸ்தானே.

"இருக்கட்டும்" என்றாள் யெல்கா. "நிக்கிறதுக்கு நல்லா இதமா இருக்கு."