விண்ணப்பத்தின் மூன்றாவது பத்தி

சின்னவளுக்குப் பொய் சொல்ல வராது என்று அந்த வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். பாதி உண்மைதான். வாயால் சொல்ல வராது, எழுத நன்றாகவே வரும்.

வீடு என்றால் மூன்றே பேர். அக்கா மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், நாள் முழுக்க நின்று கால் வீங்கித் திரும்புவாள். அக்கா புருஷன், அதாவது மாமா, லிஃப்ட் மெக்கானிக். சின்னவள் சமூகவியலில் எம்.ஏ. முடித்துவிட்டு, ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கேட்டு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பவள். அப்பா அம்மா போன பிறகு எட்டு வருஷமாக அவளைப் படிக்கவைப்பவர்கள் இந்த இரண்டு பேர்தான். இருந்த இரண்டு அறையில் ஜன்னல் உள்ளதை அவளுக்குக் கொடுத்துவிட்டு, துணி காயும் அறையில் அவர்கள் படுத்துக்கொண்டார்கள்.

போன வருஷம் நாலு பல்கலைக்கழகத்துக்குப் போட்டாள். நாலும் கைவிரித்துவிட்டன. இந்த வருஷம் போடுவதற்கு முன்னால், ஏற்கெனவே இடம் கிடைத்த ஒரு சீனியரிடம், விண்ணப்பத்தோடு அனுப்பும் தன்னைப் பற்றிய கட்டுரையைக் காட்டினாள். சீனியர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“எழுத்து சுத்தமா இருக்குடி. ஆனா உப்புச்சப்பு இல்ல. உன் வாழ்க்கையில நீ அடிபட்ட இடம் எது? அதை எழுது. கமிட்டி அதைத்தான் தேடும்.”

சின்னவள் வீட்டுக்கு வந்து, அடிபட்ட இடத்தைத் தேடினாள். இருந்தால்தானே கிடைக்கும்! அம்மா அப்பா போன துக்கத்தைப் போன வருஷமே எழுதிப் பார்த்தாகிவிட்டது. கடைசியில் அவளுக்கு அகப்பட்டது ஒரு கம்ப்யூட்டர். மேசை ஓரத்தில் அவள் வைத்திருந்த கம்ப்யூட்டர், மாமாவின் கருவிப் பை பட்டுக் கீழே விழுந்துவிட்டது. “ஓரத்துல வைக்காதேன்னு எத்தனை தடவைம்மா சொல்றது” என்று அவர் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டார். சொன்ன பாவத்துக்கு இரண்டு நாள் லீவு போட்டு, கடைகடையாக அலைந்து, பழுது பார்த்துக்கொண்டு வந்து அதே மேசையின் நடுவில் வைத்தார். நடந்தது இவ்வளவுதான்.

மூன்றாவது பத்தியில் அது இப்படி ஆயிற்று: ‘என் அக்காவின் கணவர் என் படிப்பை வெறுத்தார். என் கணினியைச் சுவரில் வீசி உடைத்தார். என்னையும் அடித்தார். ஒரு வீட்டுக்குள் அதிகாரம் எப்படி இயங்குகிறது என்ற கேள்வி எனக்குள் பிறந்தது அன்றுதான்.’

பெயர் போடவில்லையே, யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு அனுப்பிவிட்டாள். என்னமோ அவளுக்கு ஊருக்கு ஒரு அக்கா புருஷன் இருப்பதுபோல!

இரண்டு மாதம் கழித்து ஒரு பல்கலைக்கழகம் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. கம்ப்யூட்டர் வழியாகத்தான். காலை பதினொரு மணி, அக்கா கடைக்குப் போயாகிவிட்டது. வானம் மூடிக்கொண்டு அறை மங்கலாக இருந்தது. மாமா அரைநாள் லீவு சொல்லிவிட்டு, லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது கொண்டுபோகும் கைவிளக்கோடு வந்து நின்றார்.

“முகம் இருட்டடிச்சா மார்க்கைக் குறைச்சிருவாங்க பாப்பா. நான் பின்னால நின்னு வெளிச்சம் பிடிக்கிறேன்.”

“வேண்டாம் மாமா, நீங்க போங்க, எனக்குப் பதற்றமா இருக்கும்.”

“நான் வாயே திறக்க மாட்டேன். நீ பாட்டுக்குப் பேசு.”

அவருக்குப் போகச்சொன்ன காரணம் தெரியாது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் நின்று, கையை உயர்த்தி, அவள் முகத்துக்கு நேராக விளக்கைப் பிடித்தார். திரையில் மூன்று பேர். முதல் இரண்டு பேரின் கேள்விகளுக்கு அவள் தங்குதடையில்லாமல் பதில் சொன்னாள். அவள் ஒவ்வொரு பதிலை முடிக்கும்போதும் மாமா தானே பரீட்சை எழுதியதுபோல மூச்சு விட்டார். பிறகு துறைத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்க மூணாவது பத்தி எங்களை ரொம்பவே பாதிச்சுதும்மா. அக்கா வீட்டுக்காரர் உங்களை அடிச்சது, கம்ப்யூட்டரை உடைச்சது... நீங்க இன்னும் அதே வீட்லதான் இருக்கீங்களா?”

“ஆமா மேடம்.”

“அவர் இப்ப வீட்ல இருக்காரா? நீங்க பயமில்லாம பேச முடியுதா? இல்லைன்னா சொல்லுங்க, வேற நாள் வெச்சுக்கலாம். ஒண்ணும் பிரச்சினை இல்ல.”

நல்ல மனுஷி. அவ்வளவு அக்கறையாகக் கேட்டார். நிஜத்தைச் சொல்ல அப்போதே ஒரு வழி இருந்தது, சின்னவளுக்கும் அது தெரிந்தது. கண்ணை நிமிர்த்தினால் மாமாவின் முகம் தெரியும் என்பதால் நிமிர்த்தவில்லை.

“இல்ல மேடம். வேலைக்குப் போயிருக்கார்” என்றாள்.

நேர்காணல் இன்னும் பத்து நிமிஷம் நடந்தது. வெளிச்சம் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. முடிந்ததும் மாமா விளக்கை அணைத்து, ஒயரைச் சுருட்டி, “நல்லா பேசின” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

முடிவு வர இருபத்து நாலு நாளாயிற்று. சின்னவள் மணிக்கொரு தரம் மெயிலைத் திறந்து பார்த்தாள். கிடைக்க வேண்டும் என்று பாதி மனசு, கிடைக்கவே கூடாது என்று பாதி மனசு. மாமா திட்டியிருந்தால் தேவலை. அவரோ அவள் மட்டும் வீட்டில் இருக்கிற நேரத்தில், கையில் சாவி வைத்துக்கொண்டே தன் வீட்டுக் கதவைத் தானே தட்ட ஆரம்பித்தார். கருவிப் பையைச் சத்தமே வராமல் தரையில் இறக்கினார். ஒருநாள் சாப்பிடும்போது அக்காவிடம், “நான் ரொம்ப சத்தமா பேசறேனா?” என்று கேட்டார்.

“நீங்க பேசறதே பெரிய விஷயம், இதுல சத்தம் வேறயா!” என்று அக்கா சிரித்தாள்.

சின்னவள் பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். வெட்கம், வேறென்ன? நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. மூன்று தடவை மன்னிப்புக் கேட்க அவர் முன்னால் போய் நின்றாள். முதல் தடவை, “டீ போடட்டுமா மாமா?” இரண்டாம் தடவை, “மழை வரும்போல இருக்கு.” மூன்றாம் தடவை அதுகூட வரவில்லை. சமூகத்தையே ஆராயக் கிளம்பியவளின் லட்சணம் இது.

சனிக்கிழமை மத்தியானம் கடிதம் வந்துவிட்டது. இடம் உண்டு, உதவித்தொகையும் உண்டு. அக்கா போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, கேக் வாங்கப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

மாமா கதவோரமாகவே நின்றார்.

“பாப்பா, ஒண்ணு கேக்கணும். தப்பா நினைச்சுக்கக் கூடாது.”

“கேளுங்க மாமா.”

“நான் உன்னை எப்ப அடிச்சேன்?”

குத்திக்காட்டுகிறார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. மனுஷன் நிஜமாகவே பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

“எட்டு வருஷத்தையும் புரட்டிப் பார்த்துட்டேம்மா. குழிக்குள்ள இறங்கினா இதே யோசனைதான். ஞாபகத்துக்கு வரல. ஆனா நீ படிச்ச பொண்ணு, எழுதியிருக்கேன்னா ஏதோ நடந்திருக்கணும் இல்லியா? கோவத்துல கை நீட்டிட்டு மறந்துட்டேனோ? எங்க அப்பாவும் அப்படித்தான். எங்களை அடிச்சதே மறுநாள் அவருக்கு ஞாபகம் இருக்காது. நானும் அந்த மாதிரி ஆயிட்டேனோன்னு...”

“ஐயோ மாமா!” என்றாள் சின்னவள். “நீங்க அடிக்கல. ஒருநாளும் அடிக்கல. நான் பொய் எழுதினேன். சீட்டு கிடைக்கணும்னு எழுதினேன்.”

“நிஜமா?”

“சத்தியமா மாமா.”

“அப்பாடா” என்று மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏன் எழுதினாய் என்று அவர் கேட்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப அது பொய்னு தெரிஞ்சா சீட்டு போயிடுமா?” என்றார்.

“போயிடும்.”

“அப்ப விடு. அவங்க யாரோ, நான் யாரோ. நான் அடிச்சவனாவே இருந்துட்டுப் போறேன். அக்காகிட்ட மட்டும் மூச்சு விடாதே, அவ தாங்க மாட்டா.”

அதைக் கேட்டதும் சின்னவளின் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி பரவியது. தப்பித்தோம் என்கிற நிம்மதி. எழுதியபோது, பொய் சொன்னபோது, இருபத்து நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தபோது வராத அருவருப்பு அவளுக்குத் தன்மேல் அந்த நிமிஷம் வந்தது. மேசையில் போய் உட்கார்ந்து துறைத் தலைவிக்கு நாலு வரி எழுதினாள். மூன்றாவது பத்தியில் இருப்பது பொய். நேர்காணலன்று அவர் வீட்டில்தான் இருந்தார். அவர் என்னை அடித்ததில்லை. நீங்கள் என்ன முடிவு எடுத்தாலும் அது சரி. மாமா “வேண்டாம்மா, வேண்டாம்மா” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அனுப்பியும்விட்டாள்.

படியில் அக்காவின் காலடி கேட்டது. வியர்க்க விறுவிறுக்க வந்தவள் டப்பாவைப் பிரித்து, கத்தியை எடுத்து, “முதல் துண்டு உன் மாமாவுக்குத்தான். இவர் இல்லைன்னா இந்தச் சீட்டு ஏது?” என்றாள்.

“அக்கா, கொஞ்சம் உக்காரு. என் விண்ணப்பத்தைப் படிச்சுக் காட்டணும்.”

“இப்பவா? இருடி, சாப்பிட்டுட்டு.”

“இப்பவே.”

மாமா தலையை ஆட்டிக் கெஞ்சினார். சின்னவள் அவரைப் பார்க்காமல் மூன்றாவது பத்தியைத் திறந்து, ஒரு வார்த்தையும் விடாமல் வாசித்தாள். வெறுத்தார், வீசி உடைத்தார், என்னையும் அடித்தார். வாசித்து முடித்தபோது அக்கா கத்தியைக் கீழே வைத்திருந்தாள். அவள் திரும்பியது தங்கை பக்கம் அல்ல, புருஷன் பக்கம்.

“நான் வேலைக்குப் போன நேரத்துலயா இவளை அடிச்சீங்க?” என்றாள்.

“பொய்க்கா! அத்தனையும் பொய்! நான் எழுதின பொய்!” என்று சின்னவள் கத்தினாள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.