ஐந்தாவது 'டக்'

கோபாலசாமி அங்கிள் டெக்சாஸுக்கு வீடு மாறுகிறார். எடிசன் ஊரில் இருக்கும் தன் வீட்டு கராஜில் பெட்டிகளுக்கு நடுவே இரண்டு ஜோடி டம்பெல்களை எடுத்து வைத்திருந்தார்.

"ரெண்டுல எது பிடிக்குதோ எடுத்துக்கோங்க சார். மிச்சம் பக்கத்துத் தெரு முகிலனுக்கு. நாலு மணிக்கு வந்துடுவான்."

அப்பாவுக்குச் சர்க்கரை. மாத்திரை மட்டும் போதாது, எடை தூக்குங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜிம்முக்குப் போகக் கூச்சம். அதனால் வீட்டிலேயே தூக்கலாம் என்று கிளம்பி வந்தோம். சுமந்து வர ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டி வந்திருந்தார்.

இரண்டு ஜோடியிலும் வார்ப்பிரும்புத் தட்டுகள்தான், எடையைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒன்று பழசு. கம்பியில் தட்டுகளைக் கோத்து, முனையில் நட்டைக் கையால் முறுக்க வேண்டும். இன்னொன்று புதுசுபோல் மின்னியது. தட்டுகள் ஒரு தட்டத்தில் வரிசையாக நிற்கும். கைப்பிடியின் இரண்டு முனையிலும் உள்ள திருகைத் திருப்பினால், ஒரு 'டக்'குக்கு ஒரு தட்டு வீதம், வேண்டிய தட்டுகளை மட்டும் அது கவ்விக்கொண்டு வரும்.

"இதப் பாருங்க. பத்தே செகண்ட்."

அங்கிள் இடது திருகைத் திருப்பினார். டக், டக், டக், டக், டக். நாற்பது பவுண்ட். வலது திருகைத் திருப்பினார். டக், டக், டக், டக்.

ஐந்தாவது வரவில்லை. திருகின் மேலிருந்த எண் என்னவோ நாற்பதில்தான் நின்றது.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கவனிக்கவில்லை. தெரிந்தவர் தரும் பொருளைத் திருப்பிப் பார்ப்பதே மரியாதை இல்லை என்று நினைப்பவர் அவர்.

"எதுக்கு சார் டெஸ்ட்டு? நீங்க யூஸ் பண்ணதுதானே."

"அட, படுத்துத் தூக்குங்க சார். ஆபீஸ் லேப்டாப்பத் தவிர வேற என்னத்தத் தூக்கியிருக்கீங்க?"

அப்பா சிரித்துக்கொண்டே பெஞ்சில் மல்லாந்து படுத்தார். கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா" என்றேன். பக்கத்து வீட்டில் யாரோ இலை ஊதும் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அங்கிள் மட்டும் திரும்பினார். "என்னம்மா யாமினி? ஸ்கூல விட்டுட்டியாமே? எட்டு மாசமா வீட்ல என்ன பண்றே?"

தொண்டை அடைத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் எழுப்பிக் கேள்வி கேட்டால் அடைக்குமே, அதே மாதிரி. நான் தரையைப் பார்த்தேன். அங்கிள் தலையை ஆட்டிவிட்டு அப்பாவின் வலது கையில் டம்பெல்லைக் கொடுத்தார்.

"ஒண்ணு."

கை மேலே போனது. ஒன்றும் ஆகவில்லை. ஒருவேளை நான்தான் தப்பாக எண்ணிவிட்டேனோ?

"ரெண்டு. நல்லா மேல!"

கை இறங்கும்போது கடைசித் தட்டு நகத்தின் அளவுக்கு வெளியே சாய்ந்தது. மறுபடி கை உயர்ந்தபோது உள்ளே போகவில்லை. அப்பாவின் கை நடுங்கி, டம்பெல் முகத்துப் பக்கம் வந்தது. தட்டு அவர் கண்ணாடிக்கு நேர் மேலே நின்றது.

"மூணு..."

எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. ஒரு உள்ளங்கை தட்டின் அடியில் இருந்தது, இன்னொரு கை கைப்பிடியில். இரும்பு சில்லென்று இருந்தது.

"விடுங்கப்பா. விடுங்க!"

"ஏய், என்ன இது?" என்று அங்கிள் சிரித்தார். "அப்பா மேல அவ்ளோ பாசமா?"

அப்பா பிடியை விட்டார். பாரம் என் தோள்வரை இழுத்தது. நான் இரண்டு எட்டு பின்னால் வந்து, தரைக்கு மேலே பிடித்துக்கொண்டு தட்டின் அடியிலிருந்த கையை எடுத்தேன்.

தட்டு விழுந்தது. சிமெண்டில் ஒரு சில்லு பெயர்ந்து அப்பாவின் செருப்புவரை தெறித்தது.

அங்கிள் குனிந்து அந்தக் குழியைத் தடவினார். பிறகு தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"தினம் காலைல இதத்தாம்மா மூஞ்சிக்கு மேல தூக்கிட்டிருந்தேன்" என்றார், மெதுவாக.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். பழைய ஜோடியை இழுத்து, ஒரு நட்டை முறுக்கி, என் முன்னால் வைத்தார். "நீ பாரு." நான் இன்னும் இரண்டு சுற்று இறுக்கி, தலைகீழாகப் பிடித்து உலுக்கினேன். எதுவும் அசையவில்லை. எடை மாற்றும்போதெல்லாம் கழற்றி மாட்ட வேண்டும். ஆனால் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்கலாம்.

தட்டுகளை ஒவ்வொன்றாகக் காரில் ஏற்றினோம். அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்தார். கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அங்கிள் விழுந்த தட்டைத் துடைத்து, பழையபடி அதன் இடத்திலேயே சொருகிக்கொண்டிருந்தார். மணி மூன்றே முக்கால்.

கதவைத் திறந்து இறங்கினேன்.

"என்ன யாமினி, ஏதாவது விட்டுட்டியா?" என்றார் அங்கிள்.

தொண்டை அடைத்தது. அடைத்தபடியே பேசினேன். "அதை முகிலன் அண்ணாவுக்குக் குடுக்காதீங்க அங்கிள்."

"சேச்சே. அவன் வந்ததும் சொல்லிடறேன்மா."

நான் நகரவில்லை. பின்னால் அப்பா எஞ்சினை அணைப்பது கேட்டது.

"இப்பவே ஃபோன் பண்ணுங்க."

அங்கிள் என்னைப் பார்த்தார். பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தார்.