கன்னத்தில் எடுத்த சதை

...இல்லை, இது ஜன்னல் காற்றுதான், பஸ் திருப்பாலைவனம் தாண்டினால் வெயில் ஏறிவிடும், குளிர் போய்விடும் என்று பூபதி தனக்குள் சொல்லிக்கொண்டான், அப்புறம் பல் ஏன் தந்தியடிக்கிறது, மே மாதத்தில் யாருக்குக் குளிரும்? நாளைக்கு ஆபரேஷன். ஆறு மாதத்துக்கு முன்னால் படகில் தாவி ஏறும்போது வழுக்கி, விளிம்புப் பலகைமேல் கால் அகல விழுந்தான், மூத்திரக் குழாய் நசுங்கி அடைத்துக்கொண்டது, அன்றிலிருந்து அடிவயிற்றில் துளை, துளையில் டியூப், டியூப் முனையில் பை, லுங்கிக்குள் தொடையோடு கட்டிய பை... ஊரில் கல்லடைப்பு என்று சொல்லிவைத்திருக்கிறான், பீர் அடிடா, கரைஞ்சிபூடும் என்று கூட வலை கட்டுகிற தசரதன் சிரித்தான், இவனும் சிரித்தான், வேறென்ன செய்வது? மூன்று வாரத்துக்கு முன்னால் வாய்க்குள் கன்னத்தில் துளி சதை எடுத்தார்கள், லேபில் அதை வளர்த்து, அடைத்த இடத்தில் வைத்துத் தைப்பார்களாம், ஒட்டிக்கொண்டால் மற்ற ஆம்பளைகள் மாதிரி நின்றுகொண்டே ஒன்றுக்குப் போகலாம். வீங்கிய கன்னத்துக்குப் பல் பிடுங்கினேன் என்று இன்னொரு பொய்.

டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்று, ஏரித் தண்ணீரில் இறங்காதே, கிருமி உள்ளே போனால் வைக்கிற சதை ஒட்டாது. முந்தாநாள் அவனுடைய பாடு வந்தது, இன்ன நாள் இன்னார் ஏரியில் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு விழுகிற முறை, வராதவன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து காரணம் சொல்ல வேண்டும், அத்தனை பேர் முன்னால் எதைச் சொல்வான்? பையைக் கழற்றிப் போட்டுவிட்டு, டியூப்பை மடக்கி ரப்பர் பேண்டு போட்டு, துண்டால் இறுக்கிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று வலைக்குக் கழி ஊன்றினான்... ச்சீ, நாலு பேர் சிரிப்புக்குப் பயந்து. தினமும் முகம் சுளிக்காமல் அந்தப் பையைக் காலி செய்கிறவள் ஷாலினி, பெண்டாட்டி, அவளிடம்கூடச் சொல்லவில்லை.

போன் அடித்தது, ஆஸ்பத்திரி நர்ஸ். "கிளம்பிட்டீங்களா? ஜுரம் எதுனா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, வளர்த்து வெச்சத ரெண்டு நாளைக்கு மேல வெக்க முடியாது." அதெல்லாம் இல்ல மேடம் என்றான். சொன்னால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பக் கன்னத்தை வெட்டுவார்கள், சொல்லாவிட்டால் வைத்துத் தைத்தது அழுகும், தெரிந்தேதான் சொன்னான், காலையில் விழுங்கிய இரண்டு ஜுர மாத்திரை சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேரும்வரை தாங்குமா... முகம் தெரியாத அந்தப் பெண்ணிடம் என்ன வெட்கம்?

பக்கத்து சீட்டிலிருந்த ஷாலினி புறங்கையை அவன் கழுத்தில் வைத்தாள். "இன்னாய்யா, இப்டி கொதிக்குது? தண்ணில எறங்குனியா?"

"இல்ல."

அவள் கேட்டு முடிப்பதற்குள் பொய் வந்துவிட்டது. நாளைக்கு மயக்க ஊசி போடுகிறவர் கேட்டாலும் இதுதான் வரும் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது, அவள் கையை எடுக்கவில்லை.