முன்னால் விழுந்த தடம்

1927 ஆனி மாதம் பதினோராம் தேதியிலிருந்து, குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஆவுடையப்பனின் காலடித் தடம் அவன் நடப்பதற்கு முன்னாலேயே தரையில் விழத் தொடங்கியது. காலையில் கதவைத் திறந்தால் வாசலிலிருந்து ஈரத்தடம் வரிசையாகப் போயிருக்கும். எந்த வெயிலுக்கும் அது காயாது. அவன் மிதித்த பிறகுதான் காயும். காலை வைத்துப் பார்த்தான். குதிகால் வெடிப்பு உட்பட அவனுடையதேதான். அன்றைக்கு அவன் எங்கெங்கே போகப்போகிறானோ அங்கெல்லாம் அது போயிருந்தது.

அதற்கு முந்தின நாள் ஆய்க்குடி முருகன் கோயிலில் அவன் மச்சினன் பிள்ளைக்குக் காதுகுத்து. அத்தை புருஷனாக, மாமன் முறைக்கு அவன் போய் நின்றிருக்க வேண்டும். சாரல் நல்லா விழுது, ஆள் வரத்து இருக்கு என்று சொல்லி, மனைவி பேச்சித்தாயை மட்டும் அனுப்பிவைத்தான். சொந்தபந்தத்தின் முன்னால் ஒற்றையாக நின்ற அவமானத்தில் அவள் அந்த ஊரிலேயே, பிறந்த வீட்டில் தங்கிவிட்டாள். கோபித்துப் போனவளைப் புருஷன் வந்து கூப்பிட வேண்டும். தானாக நடந்து வருவது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. நாலு நாளில் வந்துவிடுவான் என்று அவள் நினைத்தாள். நாலு நாளில் போகலாம் என்றுதான் அவனும் நினைத்தான். ஆனால் தடம் ஆய்க்குடிப் பக்கம் திரும்பவில்லை. மச்சினன் முகத்தில் எப்படி முழிப்பது என்று கூசிக்கொண்டிருந்தவனுக்கு, உண்மையைச் சொன்னால், அது வசதியாகவும் இருந்தது.

அவன் முரண்டு பிடிக்காமலும் இல்லை. ஒருநாள் தடம் ஐந்தருவிக்குப் போவதைப் பார்த்து, வேண்டுமென்றே பாதியில் திரும்பி இலஞ்சிக்கு நடந்தான். தடமும் அதே இடத்தில் திரும்பி இலஞ்சிக்குப் போயிருந்தது. முழுசும் பார்க்காமல் கிளம்பியது அவன் குற்றம். ஊர் சும்மா இருக்குமா? தென்காசியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், ஒரு வருஷத்தில் மறந்தும்போனார்கள். பங்களா வாட்ச்மேன் ஏசுதாசன் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, நீரு போறதுனால தடம் விழுதா, தடம் விழுறதுனால நீரு போறீரா?"

"எல்லாம் மேல இருக்கவன் போட்டதுலே. அவன் ஆய்க்குடிக்குப் போடலன்னா நான் எப்படிப் போக?"

"நாளைக்கு மழை வரும்னு எனக்குத் தெரியுது. அதுக்காவ நானா பெய்யுதேன்?"

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. அதன் பிறகு ஏசுதாசனோடு பேச்சும் நின்றது.

வருஷங்கள் போயின. சாரல் வந்தது, பொய்த்தது. சண்டை வந்து அரிசியும் மண்ணெண்ணெயும் கிராக்கியாயின. தினம் எத்தனையோ பேர் முதுகைத் தொட்ட கைகளுக்கு, வீட்டில் தொட ஒரு சோற்றுப்பானையைத் தவிர ஒன்றுமில்லை. ஒரு ஆளுக்குப் பொங்கிப் பொங்கி உப்புக் கணக்கே அவனுக்கு மாறிப்போயிற்று. காலையில் கதவைத் திறந்ததும் ஆய்க்குடித் திசையைத்தான் முதலில் பார்ப்பான். தடம் அருவிக்குப் போயிருக்கும். "இன்னைக்கும் உத்தரவு இல்ல" என்று சொல்லிவிட்டு அதன் மேலேயே நடப்பான்.

1941 சீசன் முடிகிற சமயத்தில் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. ஆளும் மாடும் நிழலாகத் தெரிந்தன. ஈரத்தரையும் காய்ந்த தரையும் கண்ணுக்கு ஒன்றாகிவிட்டன; சாரல் ஈரத்தில் காலுக்கும் தடம் பிடிபடவில்லை. அப்படி ஆன முதல் காலையில் கதவைத் திறந்தவன் தடம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கேட்க ஆளில்லை. வெயில் ஏறும்வரை நின்றான். பதினாலு வருஷத்தில் முதல்முறையாக, எங்கே போவது என்று அவனே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. பயமாக இருந்தது. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தென்காசிச் சாலையில் இறங்கி, அங்கிருந்து வழி கேட்டுக் கேட்டு, பொழுது சாய்வதற்குள் ஆய்க்குடி வந்து சேர்ந்தான்.

மச்சினன் வீட்டு முற்றத்தில் கால் வைத்ததும் சில்லென்றது. அடுத்த அடியும் சில்லென்றது. குதிகால் வெடிப்புக்குள் ஈரம் ஏறியது. அவன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான்.

"வாங்க" என்றது பேச்சித்தாயின் குரல். கிழவிக் குரலாகிவிட்டிருந்தது.

"இது எப்பம் விழுந்ததுட்டி?"

"காதுகுத்துக்கு மறுநாள். வாசல்லேருந்து நடை வரைக்கும் பன்னெண்டு தடம். எத்தனை தடவை சாணி போட்டு மெழுகினாலும் திரும்ப வந்துரும். உங்க கால் எனக்குத் தெரியாதா? எப்படியும் வருவியன்னுதான் உக்காந்திருக்கேன்."

குற்றாலத்தில் அன்றன்றைக்கு விழுந்த தடம் ஆய்க்குடியில் மட்டும் பதினாலு வருஷம் முந்தி விழுந்தது ஏன் என்பதை யாரும் விளக்கவில்லை. ஆவுடையப்பனுக்கு வேறு கவலை. "அவன் என்னை விடலட்டி" என்று ஆரம்பித்தான்.

"அவன் அன்னைக்கே போட்டு வச்சிட்டான். நீங்கதான் வரல."

அவன் அழுதான். அவளும் அழுதாள், பிறகு உள்ளே போய்ச் சேலைகளை மூட்டை கட்டினாள். "வா, போவோம்" என்று, மச்சினன் காதிலும் விழும்படி, அவன் கூப்பிட்டான். பன்னிரண்டு தடமும் காய்ந்திருந்தன. தெருவில் இரண்டு ஜோடி ஈரத்தடம் பக்கம் பக்கமாகப் போயிருப்பதைப் பேச்சித்தாய் பார்த்தாள். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் நின்று விசாரிப்பான், நேரமாகிவிடும்.